டொக் என்றால் நின்றுவிடும் வண்டி

அன்புள்ள பாப்புவுக்கு, அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே நலம், இத்தனை நாள் நலமில்லாமல் கிடந்த அப்பாவின் வண்டியும் இப்போது நலம். நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்கிறோம் என்று போனில் சொல்வது என் காதுக்குப் போதும், கண்ணுக்குப் போதாது, அதனால் நாலு வரியாவது எழுதிப் போடு. இந்தத் தடவை என் கையெழுத்து கோணாமல் நேராகப் போவதைப் பார்த்து அம்மா யாரையோ பிடித்து எழுதச் சொல்லியிருக்கிறாள் என்று நினைத்துவிடாதே. நானேதான் எழுதுகிறேன், உன்னுடைய படிக்கிற மேஜையில் உட்கார்ந்து. வீட்டுக்கு வெள்ளையடித்தபோது கழற்றிப் போட்டு மறுபடியும் மாட்டியதிலிருந்து அந்த மேஜை ஆடிக்கொண்டே இருந்ததல்லவா, இப்போது ஆடுவதில்லை. ஏன் என்பதைக் கடைசியில்தான் சொல்வேன், நீ நடுவில் தாண்டிப் படிக்கிற ஆள் என்று எனக்குத் தெரியும்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். சொல்லக் கூடாது என்று அப்பாவின் உத்தரவு. "பாப்புகிட்ட இதைப் போன்ல சொல்லிடாதே, எனக்குச் சத்தியம் பண்ணு" என்று கையை நீட்டிக்கொண்டு நின்றார், நானும் அடித்துச் சத்தியம் பண்ணிவிட்டேன். போனில் சொல்லக் கூடாது என்றுதான் கேட்டார், எழுதக் கூடாது என்று கேட்கவில்லை. எதைக் கேட்டாலும் அரைகுறையாகக் கேட்பதில் உன் அப்பாவை மிஞ்ச ஆள் கிடையாது.

முதலில் வீட்டு விஷயம். மழை விட்டுவிட்டது. மாடிச் சுவரில் ஈரம் இறங்கிய இடத்தில் அப்பா தானே சிமென்ட் பூசியிருக்கிறார், தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ குதிரை வரைய ஆரம்பித்துப் பாதியில் எழுந்து போன மாதிரி இருக்கிறது, வந்தவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். அத்தைக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, வாய்தான் குறையவில்லை. அப்பாவின் இடது காது இன்னும் மந்தம்தான், தறிச் சத்தத்தில் போன காது திரும்பி வராது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார், வலது காதிலும் பாதிதான் கேட்கிறது. நீ அனுப்பிய காது மிஷினைக் கொஞ்ச நாள் மாட்டிக்கொண்டு அலைந்தார், அப்புறம் "பேப்பர் புரட்டற சத்தம் மழை பெய்யற மாதிரி கேக்குது, மனுஷன் பேசறது மட்டும் கேக்க மாட்டேங்குது" என்று கழற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். அதனால் வீட்டில் நான் எது சொன்னாலும் ஒரே பதில், "ம், சரி." கேஸ் தீர்ந்துவிட்டது என்றாலும் ம், சரி. குழாய் ஒழுகுகிறது என்றாலும் ம், சரி. நான் கோபித்துக்கொண்டு எங்காவது போய்விடுகிறேன் என்று சொன்னாலும் ம், சரி. கத்திச் சொல்லலாம் என்றால் அவருக்குக் கேட்பதற்கு முன்னால் எதிர்வீட்டுக்குக் கேட்டுவிடுகிறது.

ஆனால் வண்டியில் மட்டும் அவருக்கு நான் சொல்வதெல்லாம் கேட்கும். இது உனக்குத் தெரியாது, உன்னிடம் சொன்னதில்லை. சாயந்திரமானால் இரண்டு பேரும் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்புவோம், மார்க்கெட்டுக்கோ லைப்ரரிக்கோ, ஒரு வேலையும் இல்லாவிட்டால் பாலம் வரைக்கும் சும்மா ஒரு சுற்று. எனக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அவருடைய வலது தோள் பக்கமாகச் சாய்ந்து என் ஹெல்மெட்டை அவர் ஹெல்மெட்டில் டொக்கென்று முட்டி, அப்படியே ஒட்டவைத்துக்கொண்டு பேசுவேன். எப்படித்தான் கேட்கிறதோ, அவர் ஹெல்மெட்டுக்குள்ளேயே நான் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருக்கிறதாம். கத்தவே வேண்டாம், ரகசியம் சொன்னால்கூடக் கேட்கும். அதோடு வீட்டில் பேச்சை எடுத்தால் டிவியைப் போடுவார், தோட்டத்துக்கு எழுந்து போவார், வண்டியில் எங்கே போவார்? குடும்பத்து விஷயம் எல்லாம் அந்தச் சீட்டில்தான் முடிவாகும். உன் கல்யாணப் பேச்சுக்கு அவர் சரி என்றதுகூட பெட்ரோல் பங்குக்குப் போகிற வழியில்தான். காலையில் என் முகம் ஒரு மாதிரி இருந்தால் "இன்னிக்கு டொக் இருக்கா?" என்று கேட்பார். "ரெண்டு டொக் இருக்கு, ஒண்ணு பெரிசு" என்பேன். எங்களுக்குள் அப்படி ஒரு பாஷை ஆகிப்போச்சு. ஆக வண்டி போனால் எனக்கு வெறும் வண்டி போகவில்லை பாப்பு, உன் அப்பாவோடு நான் பேசுகிற இடமே போகிறது. இதை மனசில் வைத்துக்கொண்டு மேலே படி.

போன தடவை நீ லீவில் வந்து போய் இரண்டு மூன்று மாதம் வரைக்கும் வண்டி ஒழுங்காகத்தான் ஓடியது. அப்புறம் ஒரு நாள் ஆஸ்பத்திரி நாற்சந்தியைத் தாண்டும்போது சொல்லாமல் கொள்ளாமல் பொசுக்கென்று அணைந்துவிட்டது. பின்னால் லாரி. லாரிக்காரர் நல்ல பிரேக் வைத்திருந்ததால்தான் இன்றைக்கு உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். விளக்கு எரிகிறது, ஹாரன் அடிக்கிறது, இன்ஜின் மட்டும் செத்துக் கிடக்கிறது. நான் குதித்து இறங்கினேன், அப்பா ஓரமாகத் தள்ளிக்கொண்டு வந்து பட்டனை அழுத்தினார், உடனே ஒன்றும் தெரியாத பூனை மாதிரி ஸ்டார்ட் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு அது வழக்கமாகிவிட்டது. நிற்கும், நான் இறங்குவேன், பட்டனைத் தொட்டவுடன் ஓடும். ஒரு நாள் நிற்கும், அப்புறம் ஒரு வாரம் பேச்சு மூச்சு இருக்காது, சரியாகிவிட்டது என்று நாம் நிம்மதியாக மூச்சு விட்டால் அன்றைக்கு நிற்கும். லாரி விஷயத்தை அத்தைதானே உனக்குப் போட்டுக் கொடுத்தாள். நீ போனில் அழுததையும் "அந்த ஓட்டை வண்டியை வித்துத் தொலைங்க, எங்க போகணும்னாலும் ஆட்டோவுல போங்க" என்று கத்தியதையும் அப்பா தன் பாதிக் காதிலேயே கேட்டுவிட்டார். நீ பயந்ததில் தப்பில்லை. ஓட்டை வண்டி என்றாயே, அதுதான் அவருக்குச் சுருக்கென்று பட்டது.

நம் மூலைக் கடை மெக்கானிக்கை உனக்குத் தெரியும், ரேடியோவோடு சேர்ந்து தப்புத் தப்பாகப் பாடிக்கொண்டே வேலை செய்வாரே, அவர்தான். பாவம், அவரும் பார்க்காத இடம் இல்லை. பிளக்கை மாற்றினார். பெட்ரோல் வருகிற குழாயை ஊதிப் பார்த்தார். இன்ஜின் ஓடும்போதே சாவியை இப்படியும் அப்படியும் ஆட்டினார், ஹேண்டிலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் திருப்பினார், அங்கே வயர் ஏதாவது மடங்கி அறுந்திருக்குமோ என்று. பொறி கொடுக்கிற காயிலை வேறு வண்டியிலிருந்து கழற்றி இதில் போட்டு ஓட்டிப் பார்த்தார். அவர் கையில் போனால் வண்டி நாள் முழுவதும் தங்கமாக ஓடும். கடைசியில் பாட்டை நிறுத்திவிட்டார், அதிலிருந்தே விஷயம் முற்றிவிட்டது என்று எனக்குப் புரிந்தது. "சார், ஓடாத வண்டியை ரிப்பேர் பண்ணிடலாம். ஓடிக்கிட்டே இருந்துட்டு எப்பவாவது நிக்கிற வண்டியை என்ன பண்றது? எங்கிட்ட சிக்க மாட்டேங்குது" என்று தலையைச் சொறிந்தார். அப்போது உன் அப்பா என்ன சொன்னார் தெரியுமா, என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, "வீட்டம்மா பின்னாடி உக்காந்தாத்தான் நிக்குது" என்றார். மெக்கானிக் என்னை மேலிருந்து கீழே ஒரு பார்வை பார்த்தார். நான் முறைத்த முறைப்பில் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

பாரம் தாங்காமல்தான் நிற்கிறது என்று முடிவு கட்டி, அந்த நேரத்தில் அங்கே வந்த சிமென்ட் கடை முதலாளியை வண்டியின் பின்னால் ஏற்றினார்கள். அவர் என்னைப் போல் இரண்டு மடங்கு இருப்பார், உட்கார்ந்ததும் பின் டயர் பாதி ஆகிவிட்டது. ஊரைச் சுற்றிக்கொண்டு வந்தார்கள். வண்டி ஒரு தும்மல்கூடப் போடவில்லை. முதலாளி இறங்கி, நல்ல வண்டி, காற்று நன்றாக வருகிறது என்று சர்டிபிகேட் வேறு கொடுத்தார். எனக்கு ஒரே சந்தோஷம், என் உடம்பு மேல் பழி இல்லை என்று ஊரறிய நிரூபணம் ஆகிவிட்டதே. அந்தச் சந்தோஷமும் வீட்டு வாசல் வரைதான். விஷயத்தைக் கேட்ட அத்தை, "அப்போ பாரம் இல்ல, ராசி" என்றாள். சாயந்திரம் வரைக்கும் அவளோடு நான் பேசவில்லை. அவள் அதைக் கவனித்த மாதிரியும் தெரியவில்லை.

ஆனால் அவள் சொன்னது உள்ளே உறுத்திக்கொண்டே இருந்தது. என்னிடம் என்னதான் இருக்கிறது, அந்த முதலாளியிடம் இல்லாதது? டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நான் வேலை பார்த்த காலத்தில், லைன் விட்டு விட்டுப் போகிறது என்று யாராவது புகார் சொன்னால், நாங்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: கட் ஆவதற்கு முன்னால் நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? என்ன ஆச்சு என்று கேட்கக் கூடாது, என்ன செய்தீர்கள் என்றுதான் கேட்க வேண்டும். ஒருத்தர் வீட்டில் ஜன்னலைச் சாத்தினால் லைன் போகும், இன்னொருத்தர் சாய்வு நாற்காலியில் சாய்ந்தால் போகும், அவர்களுக்கே அது தெரியாது, கேட்ட பிறகுதான் யோசிப்பார்கள். ஊரில் அத்தனை பேரிடமும் கேட்ட கேள்வியை என்னிடம் நானே கேட்காமல் இருந்துவிட்டேன். அன்றைக்கு அப்பாவின் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டே ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். நாற்சந்தியில் நின்றபோது என்ன செய்தேன்? அத்தைக்கு மருந்து வாங்க வேண்டும் என்று சொல்லப் போனேன். மார்க்கெட் வாசலில்? பால்காரர் தண்ணீர் ஊற்றுகிறார் என்று ஆரம்பித்தேன். பாலத்தில்? நீ போனில் குரல் கம்மிப் பேசினாய், சளியா அழுதாயா தெரியவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு டொக். எனக்குக் கை அப்படியே நின்றுவிட்டது, சட்டைக் காலர் தீய்ந்துபோயிற்று. அதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை, நீயும் வாயைத் திறக்காதே.

நினைத்தது சரிதானா என்று பார்க்க மறுநாளிலிருந்து வண்டியில் வாயை மூடிக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்து வந்தேன். நம்ப மாட்டாய், வண்டி ஒரு தடவைகூட நிற்கவில்லை. அந்த வாரம் போயிற்று, அடுத்த வாரமும் போயிற்று, தேன் மாதிரி ஓடுகிறது. "வண்டி திருந்திடுச்சு பாத்தியா" என்று அப்பா அதன் டேங்கைத் தட்டிக் கொடுக்கிறார். இதை அவரிடம் எப்படிச் சொல்வேன் சொல்லு? நீ பேசினால் வண்டிகூட நின்றுவிடுகிறது என்று ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவார், அத்தை வேறு தாளம் போடுவாள். அதைவிடப் பெரிய பயம், வண்டியை விற்றுவிடுவாரோ என்பது. சரி, நான் வாயை மூடிக்கொண்டால் வண்டி தப்பிக்கிறது, மூடிக்கொள்வோம் என்று முடிவு பண்ணினேன். என்னால் வாயை மூடிக்கொண்டு எத்தனை நாள் இருக்க முடியும் என்று உனக்கே தெரியும். பாலம் வரைக்கும் போவோம், திரும்பி வருவோம், சொல்ல நினைத்ததெல்லாம் தொண்டையில் நிற்கும். வீட்டுக்கு வந்து சொன்னால் ம், சரி. பேசுகிற இடத்தைக் காப்பாற்றுவதற்காகப் பேச்சையே விட்டுவிட்டேன், என் புத்தி அப்படிப் போயிற்று.

இப்படி இருக்கும்போது ஒரு நாள் அப்பா வண்டியைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். எதற்கு என்று கேட்டால், தண்ணீர் கேன் போடுகிறவர் ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்கிறாராம், பேசி முடித்தாகிவிட்டதாம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நன்றாக ஓடுகிற வண்டியை எதற்கு விற்கிறீர்கள், பாப்பு சொன்னாள் என்றா, அவளுக்கு நான் சமாதானம் சொல்லிக்கொள்கிறேன் என்று கத்தினேன். அவர் என் ஹெல்மெட்டையும் துடைத்து ஒரு துணிப் பையில் போட்டுக்கொண்டே என்னைப் பார்க்காமல் சொன்னார். "பாப்பு சொன்னதுக்காக இல்ல. கொஞ்ச நாளா நீ வண்டியில ஒரு டொக் வைக்கலையே. உனக்கு அந்த லாரி பயம் விட்டுப்போச்சுன்னு நெனச்சேன், உள்ளுக்குள்ள பயந்துக்கிட்டுத்தான் வர்றே. இப்படி ஊமையா உக்காந்து வர்றதுக்கு பஸ்ஸே தேவலை." பாப்பு, எனக்கு அழுகையும் வந்தது சிரிப்பும் வந்தது. நான் வண்டி நிற்கக் கூடாதென்று வாயை மூடியிருக்கிறேன், இந்த மனுஷன் என் வாய் மூடிவிட்டதே என்று வண்டியை விற்கிறார். இதற்கு மேல் மானமாவது மரியாதையாவது என்று அவருடைய வலது காதருகில் போய், "நான் பேசினாத்தாங்க உங்க வண்டி நிக்குது" என்று இருக்கிற குரலையெல்லாம் கூட்டிக் கத்தினேன். எதிர்வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து, "என்ன ஆச்சு, யாராவது விழுந்துட்டாங்களா?" என்று கேட்டார். அப்பா முதலில் திருதிருவென்று விழித்தார், அப்புறம் மெதுவாக, "முட்டினா நிக்குதா?" என்றார். சிரிக்கவில்லை. சிரிப்பார் என்று நினைத்து இத்தனை நாள் வீணாக்கினேனே என்று இருந்தது.

மறுநாள் காலையில் மெக்கானிக் கடைக்குப் போனோம். வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, அப்பாவை முன்னாலும் என்னைப் பின்னாலும் ஏற்றி, இன்ஜினைப் போட்டு, "ரோட்டுல எப்படிப் பேசுவீங்களோ அப்படியே பேசுங்கம்மா" என்றார் மெக்கானிக். டீக் கடையில் நின்றவர்கள் எல்லாம் டீயோடு வந்து சுற்றி நின்றுகொண்டார்கள். இத்தனை பேர் பார்க்கிறபோது என்ன பேசுவது? டொக்கென்று முட்டி, வீட்டுக்குப் போகும்போது பல்பு ஒன்று வாங்க வேண்டும் என்று சொன்னேன். பல்பு என்பதற்குள் இன்ஜின் பொசுக். பழக்க தோஷத்தில் நான் இறங்கக் காலை நீட்டினேன், மெக்கானிக் பதறிப்போய், "இறங்காதீங்கம்மா! அப்படியே இருங்க, அசையாதீங்க!" என்று கத்தினார். அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. இத்தனை நாளும் வண்டி நின்றவுடன் நாங்கள் முதலில் செய்கிற வேலை நான் இறங்குவது, நான் இறங்கியவுடன் கோளாறும் கூடவே இறங்கிவிடும், அப்புறம் எங்கே தேடினாலும் எப்படிச் சிக்கும்? இந்தத் தடவை நான் சாய்ந்தபடியே இருந்தேன், அவர் பட்டனை அழுத்தினார், இன்ஜின் முக்குகிறது, பிடிக்கவில்லை. நிமிரச் சொன்னார், பிடித்தது. சாயச் சொன்னார், நின்றது. சாயுங்க, நிமிருங்க, சாயுங்க, நிமிருங்க என்று என்னை உடற்பயிற்சி வகுப்பு மாதிரி ஆட்டிவைத்துவிட்டார். அப்புறம் பக்கத்து மூடியைக் கழற்றி, டார்ச்சை அடித்து, சீட்டுக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்தவர் அங்கிருந்தே பாட ஆரம்பித்தார். கண்டுபிடித்துவிட்டார் என்று அப்பா என் கையைத் தட்டினார்.

என்ன என்றால், சீட்டைப் பிடித்திருக்கிற வலது பக்கத்து போல்ட் கொஞ்சம் நீளம். அதன் முனை உள்ளே துருத்திக்கொண்டு நிற்கிறது. நேராக உட்கார்ந்தால் ஒன்றும் இல்லை, நான் வலது பக்கம் முன்னால் சாய்ந்தால் சீட்டு அங்கே இறங்கி, கீழே போகிற வயரை அந்த முனையில் அழுத்துகிறது. மாதக்கணக்கில் உரசி உரசி வயரின் தோல் போய்விட்டது. "சாவியை மூடினா இன்ஜின் நிக்குதில்ல, அதைச் செய்யற வயர்தான்மா இது. இது இரும்பைத் தொட்டா, யாரோ சாவியை மூடிட்டாங்கன்னு வண்டி நெனச்சுக்கும்" என்று மெக்கானிக் விளக்கினார். போல்ட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "இது வண்டி போல்ட்டே இல்லையே, எந்தப் புண்ணியவான் மாட்டினது?" என்று கேட்டார். அப்பா அதை வாங்கிப் பார்த்தார், எனக்கும் காட்டினார். தலையில் பச்சைப் பெயிண்ட் ஒட்டியிருந்தது. அப்பா அதைச் சட்டென்று பைக்குள் போட்டுக்கொண்டு, "ஏதோ வெளியூர் மெக்கானிக்" என்றார்.

இப்போது உனக்கு ஞாபகம் வந்திருக்கும். என் இடுப்பு வலிக்காக நீதான் அந்தச் சீட்டுக்குப் புதிதாக மெத்தை வைத்துத் தைக்கச் சொல்லி, வேர்க்க விறுவிறுக்க உட்கார்ந்து நீயே மாட்டினாய். அப்போது ஒரு போல்ட் உருண்டு சாக்கடையில் விழுந்தது, நீ உள்ளே ஓடிப் போய், அப்பா ஆணியும் போல்ட்டும் போட்டு வைக்கிற பிஸ்கட் டப்பாவைக் குலுக்கி அதே மரை உள்ள ஒன்றைத் தேடி எடுத்து வந்தாய், அப்பா டார்ச் பிடித்துக்கொண்டு நின்றார். அது வெள்ளையடிப்பதற்காகக் கழற்றி வைத்திருந்த உன் பச்சை மேஜையின் போல்ட். நீ ஊருக்குப் போன பிறகு மேஜையை மாட்டும்போது மூன்றுதான் இருக்கிறது, நாலாவதைக் காணோம் என்று அப்பா கட்டிலுக்கு அடியெல்லாம் தவழ்ந்து தேடினார். அது எங்கள் இரண்டு பேரையும் சுமந்துகொண்டு தினமும் பாலத்துக்குப் போய்வந்துகொண்டிருந்திருக்கிறது. நீ இதைப் படித்துவிட்டு உட்கார்ந்து அழக் கூடாது, லாரியை நினைத்து ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது, அதற்குப் பயந்துதான் அப்பா என்னிடம் சத்தியம் வாங்கினார். நான் வேறு மாதிரி நினைக்கிறேன். அம்மாவுக்கு வலிக்கக் கூடாது என்று மாட்டிய போல்ட், அரை விரல் நீளம் கூடிப்போய்விட்டது, அவ்வளவுதான். உன் பாசமே அப்படித்தான், எப்போதும் கொஞ்சம் நீளம். சீட்டு மட்டும் அப்படியே இருக்கிறது, மெக்கானிக் மாற்றட்டுமா என்றதற்கு அப்பா கையை ஓங்காத குறை. அதில் உட்கார்ந்தால் எனக்கு இடுப்பு வலிப்பதே இல்லை.

சரியான போல்ட் போட்டு, வயருக்குத் தோல் சுற்றி, திரும்பி வரும்போது துணிப் பையிலிருந்து என் ஹெல்மெட்டை அப்பாவே எடுத்துக் கொடுத்தார். நாற்சந்தியைத் தாண்டுகிற வரைக்கும் எனக்குத் தைரியம் வரவில்லை. தாண்டியதும் கண்ணை மூடிக்கொண்டு டொக். வண்டி போய்க்கொண்டே இருந்தது. நான் அப்படியே ஒட்டிக்கொண்டு இருந்தேன். கொஞ்ச தூரம் போனதும் அவராகவே, "சொல்லு, கேக்குது" என்றார். அவ்வளவுதான், சேர்த்து வைத்திருந்த அத்தனையையும் கொட்டினேன், அத்தையின் ராசிப் பேச்சில் ஆரம்பித்து உன் கம்மிய குரல் வரைக்கும். நம் தெரு வந்தது, அவர் திருப்பவில்லை, பாலம் வரைக்கும் போய்த் திரும்பினோம். பல்பு வாங்க மறந்துவிட்டோம். தண்ணீர் கேன்காரரிடம் விஷயத்தைச் சொன்னதும், "அம்மா பேசறதுக்குன்னா வண்டி உங்ககிட்டயே இருக்கட்டும் சார், நான் வேற பாத்துக்கறேன்" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார். அந்தப் பச்சை போல்ட்டை அப்பா மேஜையில் போட்டு முறுக்கிவிட்டார். உன் மேஜை இப்போது மலை மாதிரி நிற்கிறது, என் எழுத்தைப் பார்த்தாலே தெரியும்.

உனக்கு ஒரே ஒரு புத்திமதி. நீயும் மாப்பிள்ளையும் அந்தப் பெரிய ஊரில் ஆளுக்கொரு நேரத்தில் போய் ஆளுக்கொரு நேரத்தில் வருகிறீர்கள். எங்காவது ஒரு இடம் வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு பேரும் ஓடிப் போக முடியாத இடமாக. அங்கே பேசுங்கள். பேச்சு நின்றுவிட்டால் என்ன ஆச்சு என்று சண்டை போடாதே, நிற்பதற்கு முன்னால் என்ன செய்தோம் என்று யோசித்துப் பார். அன்றைக்குக் குரல் கம்மியிருந்தது சளியா வேறா என்று எழுது, உண்மையை எழுது. மாப்பிள்ளைக்கு என் ஆசி, உனக்கு என் முத்தம். நோய் நொடி அண்டாமல், கைக்கு வேலையும் மனசுக்கு நிறைவும் குறையாமல் இரண்டு பேரும் நன்றாக இருங்கள். இந்த விஷயம் தெரிந்ததாக அப்பாவிடம் காட்டிக்கொள்ளாதே, மறந்துவிடாதே. கீழே வழக்கம்போல அவருக்கு நாலு வரி இடம் விட்டிருக்கிறேன். மேலே இருப்பது தெரியாமல் காகிதத்தை மடித்து, நானே பிடித்துக்கொண்டு எழுதச் சொல்லப் போகிறேன், எப்படியும் "நலம்" என்று ஒரு சொல்தான் எழுதுவார்.

உன்னோடு பேசப் பேச ஆசை தீராத,
அம்மா

பாப்பு, நலம். அம்மா மடித்துப் பிடித்துக்கொண்டிருக்கிறாள், நான் எதையும் படிக்கவில்லை. சீட்டில் நீளமான போல்ட்டை மாட்டியது நான்தான். டார்ச் பிடித்தது நீ. அம்மா மாற்றி எழுதியிருந்தால் அவளுக்கு வயசாகிவிட்டது, மறதி, கண்டுகொள்ளாதே. மெத்தை நன்றாக இருக்கிறது.
அப்பா